கூட்டல் குறியில் ஒரு வளைவு

மார்ச் 2, 1997. ஞாயிறு

இங்கே டெக்சாஸில், ஹில்கிராஃப்ட் தெருவில் நம்மூர் மளிகைக் கடையில் சும்மா கொடுத்த டைரி ரெண்டு மாசமாக அரிசி டப்பா மேல் கிடந்தது. இன்றைக்குத்தான் எழுதச் சேதி கிடைத்தது. நான் துப்பாக்கி வாங்கப் போகிறேன்.

எல்லாம் வாயால் வந்தது. போன வருஷம் எங்கள் பட்டறை பிக்னிக்கில் வேலியோரம் காலி டப்பாக்களை அடுக்கி எல்லோரும் சுட்டார்கள். நான் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு தவறவிட்டவனையெல்லாம் கிண்டல் செய்தேன். ஃபோர்மேன் டுவெய்ன் ஆறு டப்பாவில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "டப்பாவுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறாயா" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இருபத்தஞ்சு வருஷமாக லேத் மெஷினில் இரும்பு ஷாஃப்ட் கடைகிறவன், என் கண்ணுக்கு மயிரிழை தப்பாது என்றும் சொல்லி வைத்தேன். அவன் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து சொன்னான்: "மே பதினேழு பிக்னிக். சொந்தத் துப்பாக்கியோடு வா, இல்லையென்றால் வாயை வீட்டில் வைத்துவிட்டு வா."

என் பெண்டாட்டி வான்மதியிடம் சொன்னேன்.

"ஏனுங்க, வீட்டுக்குள்ள அதெல்லாம் எதுக்குங்க? சாமி ரூம் இருக்குது."

"முருகன் கையிலயும்தான் வேல் இருக்குது."

"அவரு டப்பாவைக் குத்திப் பழகறதில்லீங்க."

இந்தத் தடவை ஜெயித்தது அவள். எழுதி வைக்கிறேன், அபூர்வம்.

மார்ச் 8. சனி

இன்னும் நம்ப முடியவில்லை. பால் வாங்கும் கடை. பனியன், தூண்டில், நாய்ச்சோறு, அதற்கடுத்த வரிசையில் துப்பாக்கி. தாராபுரத்தில் ரேஷன் கார்டில் வான்மதி பேரைச் சேர்க்க எட்டு நடை நடந்தவன் நான். இங்கே ஒரு படிவம், டிரைவிங் லைசென்ஸ். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறினேன், கடைக்காரக் கிழவரே ஒவ்வொரு கேள்வியாக விரல் வைத்து வாசித்துக் காட்டினார். அரை மணி நேரம். வேலை முடிந்தது.

மூன்று எடுத்துப் போட்டார். ஒன்று தானாக அடுத்த குண்டை ஏற்றிக்கொள்வது. பிக்னிக் சட்டப்படி அது கூடாது. ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தள்ளிப் பூட்ட வேண்டும், கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. அந்தத் தாழ்ப்பாளுக்கு போல்ட் என்று பேர். மற்ற ரெண்டும் அந்த ரகம். ஒன்றின் கட்டை வாதுமை மரம், கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளப்பு. இன்னொன்று சாதா மரத்தில் சாயம், கடையிலேயே மலிவு. ரெண்டு போல்ட்டையும் உருவிப் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு ஆட்டம் இருந்தது. மலிவானது வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போய்ப் பூட்டியது. குழலை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். கடைசல் சுத்தம். அதையே எடுத்தேன். குண்டு துவரை அளவுதான், இருபத்திரண்டு என்கிறார்கள். மேலே பூட்ட மலிவில் ஒரு ஸ்கோப். தூரத்தைக் கிட்டே காட்டும் குழாய்க் கண்ணாடி, நடுவில் மெல்லிசாக ஒரு கூட்டல் குறி. குறியை டப்பா மேல் வைத்துச் சுட வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் 11

பட்டறையில் ஷாஃப்ட் மறுபடி சோதனையில் கழிந்தது. ஒரே லேத்தில் பகலில் நான், சாயங்காலம் மாரிசாமி. ரெண்டு பேர் சரக்கும் ஒரே தட்டில் போகும், காலையில் சோதிப்பார்கள். போன மாசத்திலிருந்து தட்டில் நாலைந்து அளவு தப்பி வருகிறது. டுவெய்ன் யாருடையது என்று கேட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். "கோணல் மாரி இருக்கையில் வேறு யாரைத் தேடுகிறாய்" என்றேன். மாரிசாமிக்கு நான் வைத்த பட்டப்பேர் அது. எல்லோரும் சிரித்தார்கள். டுவெய்ன் சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ குறித்தான்.

மாரிசாமியை நான்தான் கோயமுத்தூரிலிருந்து இங்கே இழுத்து வந்தேன். அவன் கிரீன் கார்டு பேப்பர் கம்பெனி கையில். வேலை போனால் பெண்டாட்டி பிள்ளையோடு ஊருக்கு விமானம்தான். நல்லவன், கிண்டலைத் தாங்குவான்.

மார்ச் 16. ஞாயிறு

காலையிலிருந்து கார் ஷெட்டில். அட்டைப் பெட்டியின் ரெண்டு பக்கமும் வெட்டி அதில் துப்பாக்கியைப் படுக்க வைத்தேன். குண்டு எதுவும் இல்லை என்று மூன்று தடவை பார்த்து போல்ட்டை உருவி எடுத்தேன். பின்னாலிருந்து குழல் வழியாகப் பார்த்தால் எதிர் வேலியில் ஒட்டிய கறுப்புப் பொட்டு தெரிகிறது. பொட்டு குழலின் நடுவில் நிற்கும்படி பெட்டியை நகர்த்தி, துப்பாக்கியை அசைக்காமல், ஸ்கோப்பின் திருகைத் திருப்பிக் கூட்டல் குறியையும் அதே பொட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு குண்டு செலவில்லாமல் பாதி வேலை முடிந்தது. யார் கண்டுபிடித்தானோ, அவன் லேத்காரன்தான்.

ஆனால் ஸ்கோப் மோசடி. மேலிருந்து கீழே வரும் கோடு நடுவில் வளைந்திருக்கிறது. அவரைக்கொடி நுனி மாதிரி. இதைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள்.

மார்ச் 18

மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுவே எனக்கு அதிர்ச்சி.

மார்ச் 22. சனி

ரெண்டாவதும் வளைவு. அதே இடம், அதே பக்கம். வான்மதியிடம், "ஒரே தறியில நெய்த கோணல் போல" என்றேன். "வாங்கறப்ப பாத்து வாங்கோணுங்க, கத்திரிக்காய்னா எத்தனை தடவை திருப்பிப் பாக்கறீங்க" என்றாள்.

மார்ச் 25

மாரிசாமிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மாசக் கடைசி வரை கழிவதை எண்ணி வெள்ளிக்கிழமை ஏப்ரல் நாலாம் தேதி கூப்பிட்டுப் பேசுவார்களாம். பேசுவது என்றால் அனுப்புவது. அவன் என்னிடம் வந்து, "நான் நல்லாத்தான் கடையறேன் அண்ணா, எப்படித் தப்புதுன்னே தெரியல" என்றான். "அளவைப் பாத்துக் கடை கண்ணு" என்று தோளில் தட்டினேன்.

நான் கிண்டலுக்குத்தானே சொன்னேன்?

மார்ச் 29. சனி

இன்றைக்கு நடந்ததை மறைக்கத்தான் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது ஸ்கோப்பைக் கடையிலேயே பார்த்து வாங்கலாம் என்று போனேன். வளைவு. கிழவர் அடுத்ததை எடுத்தார். வளைவு. "கடை முழுக்கக் கோணலா, கடைக்காரர் மட்டுமா" என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கிழவர் பூட்டு அலமாரியிலிருந்து இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்துக் கொடுத்தார். அதிலும் வளைவு. சிரிக்காமல் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே பார்த்தார். பின்னால் நின்ற ஒருத்தனிடம் கொடுத்தார். அவனும் பார்த்தான். ரெண்டு பேரும் சொன்னது ஒன்றுதான். நேராக இருக்கிறது.

"ஐயா, இன்னொரு கண்ணால் பாருங்கள்" என்றார் கிழவர்.

இடது கண்ணால் பார்த்தேன். கோடு குண்டூசி மாதிரி நேர்.

வலது கண். வளைவு. நடுவில் புகை மாதிரி ஒரு மங்கல்.

அத்தனை பேர் முன்னாலும் மாற்றி மாற்றி, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி வீடு வந்தேன் என்று தெரியாது. ஷெட்டில் இருந்த ஸ்கோப்பை வான்மதியிடம் கொடுத்தேன். "நேராத்தானுங்க இருக்குது, எதுக்கு இத்தனை தடவை கடைக்கு நடந்தீங்க?" என்றாள்.

மார்ச் 30

என்ர கண்ணா? என்ர கண்ணுக்கா இப்படி?

மார்ச் 31. திங்கள்

இதுதான் பெரிய அடி. சனிக்கிழமை பட்டது ஒன்றுமேயில்லை.

காலையில் முதல் ஷாஃப்டைக் கடைந்து மைக்ரோமீட்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இடது கண் தானாக மூடியது. அப்படியே நின்றுவிட்டேன். கோயமுத்தூரில் முதல் நாளிலிருந்து நான் அளவுக் கோட்டை வலது கண்ணால்தான் படிக்கிறேன். இடதை மூடிக்கொண்டு.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், காலையில் நான் கடைந்த பன்னிரண்டையும் இடது கண்ணால் அளந்தேன். நாலு தப்பு.

போன மாசத்திலிருந்து கழிந்ததெல்லாம் நான். கோணல் மாரி இல்லை. நான். அவன் பேரைச் சொன்னதும் நான்.

தப்பின நாலையும் திரும்பக் கடைந்தேன், சரி செய்ய முடிந்தது மூன்று. ஒன்றைக் குப்பையில் போட்டேன். திருடன் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 1

இன்று முழுக்க இடது கண். தலைச்சுமை தூக்கியவன் மாதிரி கழுத்து வலி. காலையில் சோதித்த நேற்றைய தட்டில் ஒன்றும் கழியவில்லை. டுவெய்ன் மாரிசாமியிடம், "கடிதம் வேலை செய்கிறது" என்றானாம். மாரிசாமி சந்தோஷமாகச் சொன்னான். அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்படியே இடது கண்ணால் ஓட்டிவிடலாமே என்று ஒரு எண்ணம். யாருக்குத் தெரியும்? வான்மதியிடம் மட்டும் சொன்னேன். பாத்திரங்களைக் கழுவி முடித்தாள். பிறகு, "அந்தக் கடுதாசி யாரு பேர்ல இருக்குதுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 3. வியாழன்

வான்மதி சண்டை போட்டு இழுத்துப் போனாள். கண் டாக்டர் சயந்தினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகள் வயசிருக்கும். கண்ணில் சொட்டு விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்தார். விரலில் குத்திச் சர்க்கரையும் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்குச் சீனி வருத்தம் கனகாலமா இருந்திருக்கு. கண்ணுக்குப் பின்னால கசிஞ்சு வீங்கியிருக்கு. ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"எனக்குத் தாகம்தான் அதிகம் அம்மா, டெக்சாஸ் வெயில்னு நெனச்சேன்."

"கோடு வளையிறதை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

துப்பாக்கிக் கதையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ரெண்டு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் குறையை மூடிவிடும், நிறையப் பேர் நடுப்பார்வை போன பிறகுதான் வருவார்கள் என்றார். லேசர் வைக்க வேண்டும். அதோடு கசிவு நிற்கும் என்றார். பார்வை முழுக்கத் திரும்பும் என்று சொல்லவில்லை. நான் ரெண்டு தடவை கேட்டும் சொல்லவில்லை.

வரும்போது கட்டம் போட்ட ஒரு தாள் கொடுத்தார், குளிர்பெட்டியில் ஒட்டித் தினமும் ஒரு கண்ணை மூடிப் பார்க்க. கோடு கூட வளைந்தால் உடனே ஓடி வர வேண்டும்.

ஏப்ரல் 4. வெள்ளி

சொல்லிவிட்டேன்.

டுவெய்ன் அறையில் மாரிசாமி கையைக் கட்டி நின்றிருந்தான். போன மாசத்துச் சரக்கைப் பேச என்று கூப்பிட்டிருந்தார்கள். கேட்காமல் உள்ளே போனேன். கழிந்த ஷாஃப்ட் என்னுடையது, கண் கெட்டுப்போய்விட்டது, இவனைச் சொன்னது பொய் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மேஜை மேல் வைத்தேன். டுவெய்ன் நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று காத்திருந்தான். பாதியில் சிரிக்கக்கூடத் தொடங்கினான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டான். கடிதத்தை எடுத்துக் கிழித்தான். என்னை லேத்திலிருந்து எடுத்துக் கருவி அறையில் போட்டிருக்கிறான், எத்தனை நாளைக்கென்று சொல்ல முடியாதாம்.

வெளியே வந்ததும் மாரிசாமி கேட்டான். "என் பேரை நீங்களா சொன்னீங்க?"

"நாந்தான்."

"ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல அண்ணா. உங்ககிட்டதான் வந்து அழுதேன்."

அவன் போய்விட்டான்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. லேசர் முடிந்து நாலு நாள். பாயசம் எல்லோருக்கும், எனக்குத் தயிர். மாரிசாமியைக் கூப்பிட்டேன், வரவில்லை.

ஏப்ரல் 27. ஞாயிறு

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். "வாயை வீட்ல வெச்சுட்டுப் போறதுக்கு உங்களால முடியுங்களா?" என்றாள் வான்மதி. ஊருக்கு வெளியே சுடும் இடத்துக்கு அவளும் வந்தாள். காதில் பஞ்சு, மேலே காதடைப்பான், அதற்கு மேலே முந்தானை.

கட்டையை இடது தோளில் வைத்தேன். போல்ட் எனக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இடது கையை மேலே வளைத்துக் கொண்டுபோய் இழுக்க வேண்டியிருக்கிறது. இடது கையால் சாப்பிடுகிறவன் மாதிரி. இருபத்தஞ்சு கெஜத்தில் மூன்று குண்டு. வான்மதி தூரக்கண்ணாடியில் பார்த்து, "சோத்தாங்கைப் பக்கம் ரெண்டு விரக்கடைங்க" என்றாள். திருகை இடது பக்கம் பத்துப் பன்னிரண்டு கிளிக். மறுபடி மூன்று. "ஒரு விரக்கடைங்க." மறுபடி. மூன்றும் ஒரே வடை ஓட்டைக்குள் விழுந்தன. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அதிர்ச்சி எனக்கு மட்டும் சொந்தமில்லை.

மே 17. சனி

பிக்னிக். ஆறு டப்பாவில் நாலு. டுவெய்னுக்கு மூன்று. அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவன் அதற்கே பயந்துபோனான்.

ஐந்தாவது தவறியபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "கோணல் அண்ணா, டப்பா அந்தப் பக்கம்." திரும்பிப் பார்த்தேன். மாரிசாமி, தட்டில் சோளக்கதிரோடு. சிரிக்கவில்லை. ஆனால் நின்றுகொண்டிருந்தான். ஆறாவதும் போய்விட்டது. அது என் கண் குற்றமில்லை, தண்ணீர் நிறைந்துவிட்டது.

ஜூன் 22. ஞாயிறு

லேத் மாரிசாமியிடமே இருக்கிறது, ரெண்டு ஷிஃப்டுக்கும் பொறுப்பு. நான் கருவி அறைதான். வலது கண்ணால் அளவு பார்க்க முடியாது, டாக்டர் சொல்லிவிட்டார். அவன் சாயங்காலம் வந்து, "அண்ணா, இந்தச் சக்கரம் சுத்தற சத்தம் கேளுங்க, சரியா?" என்று ஏதாவது கொண்டுவருகிறான். காது இருக்கிறதே.

டாக்டர் கொடுத்த கட்டத் தாள் குளிர்பெட்டியில் இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை. தினமும் காலையில் ஷெட்டுக்குப் போய், போல்ட்டை உருவி வைத்துவிட்டு, ஸ்கோப்பில் வலது கண்ணை வைத்து வேலிப் பொட்டைப் பார்க்கிறேன். கோட்டின் வளைவு மார்ச்சில் அவரைக்கொடி நுனி அளவு. போன வாரம் சீரகம் அளவு.

இன்றைக்கும் சீரகம்தான். பெரிதாகவில்லை.