கோட்டுக்குள் ஒரு சிவப்புத் தலை குண்டூசி

வூஸ்டர்,
ஜூன் 15, 1965

என் செல்ல மகள் லூசியேனுக்கு,

புனித அன்னம்மாள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், அலாஸ்கா குளிரில் உன் மூக்கு உதிராமல் இருக்கிறதா என்று எழுது. நேற்று உன் கடிதம் வந்தது. நான் அனுப்பிய நீலக் கோட்டின் கழுத்துப் பட்டிக்குள் சிவப்புத் தலை குண்டூசி ஒன்று குத்தியது, அம்மாவுக்குக் கண் தெரியவில்லையா என்று கேலி செய்திருந்தாய். சிரிக்காதே. ஆறு வாரமாக எங்கள் தொழிற்சாலையே அந்த ஊசியைத்தான் தேடுகிறது.

தொப்பையை இறுக்கும் இடுப்புக்கச்சை தைத்துக்கொண்டிருந்த என்னையும் ரோசல்மாவையும் விண்வெளி உடுப்புப் பிரிவுக்கு மாற்றியதைப் போன வருஷமே எழுதினேன். அங்கே எங்கள் இருவருக்கும் ஒரே குண்டூசித் தட்டு, காலையில் முப்பது எண்ணித் தருவார்கள், மாலையில் முப்பதும் திரும்ப வேண்டும். ஒன்று உடுப்புக்குள் தங்கி ஓட்டை போட்டால் மேலே போனவரின் உயிர் அந்த வழியாகப் போய்விடும். சொந்தத் துணியை அங்கே தொடவே கூடாது. நான்தான் சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது உன் கோட்டுக் கழுத்தைத் தைத்து முடித்தேன், உன் அம்மா எந்தக் காலத்தில் சொன்ன பேச்சைக் கேட்டாள். அன்று மாலை தட்டில் இருபத்தொன்பதுதான் இருந்தது. எல்லா உடுப்பையும் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசி இல்லை. தொலைச்சுட்டு கம்முனு இருக்கீங்களா என்று சூப்பர்வைசர் ஹெட்லண்ட் கத்தினார். தட்டுக்குக் கையெழுத்துப் போட்டவள் ரோசல்மா, அவளைக் கச்சைப் பிரிவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ஊசியை எடுத்தவள் கை அழுகிப்போகும் என்று நான் வேறு எல்லோர் முன்னாலும் சாபம் விட்டேன். நேற்றிலிருந்து என் கையை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன்.

மூன்றாம் தேதி எங்கள் உடுப்பைப் போட்டுக்கொண்டு மேலே போன விண்வெளி வீரர் கலத்தின் கதவைத் திறந்து வெளியே மிதந்ததை ரோசல்மா வீட்டு ரேடியோவில்தான் கேட்டோம். தோள் தையல் அவளுடையது, முழங்கால் என்னுடையது. இருபது நிமிஷமாகியும் அவருக்கு உள்ளே வர மனசில்லை. உள்ள வாடா கண்ணா, தச்சவ உயிர வாங்காத என்று ரேடியோவைத் திட்டினாள் ரோசல்மா. கதவு மூடியதும் அழுதுவிட்டாள். நம்ம தையல் தாங்கிடுச்சு ஆல்தியா, எனக்குத்தான் அங்க இடமில்ல என்றாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஊசியை ஆற்றில் போடச் சொல்லத்தான் நினைத்தேன். பிறகு, வரவழைத்து ஹெட்லண்ட் நாற்காலியில் குத்தி வைக்கலாம் என்று தோன்றியது. ரெண்டாவது நல்ல யோசனைதான், ஆனா ரோசல்மாவுக்கு அதுல என்ன வரப்போகுது என்றார் அப்பா. இன்று மத்தியானம் என் முகம் வாடியிருக்கிறதென்று அவளே இறைச்சி அடைத்த ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

ஆகவே ஊசியை அனுப்பு. ஹெட்லண்ட் மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரோசல்மா விண்வெளி உடுப்புக்கே திரும்பட்டும், நான் கச்சைக்குப் போகிறேன், இந்த ஊரில் தொப்பைக்கா பஞ்சம்.

மாதா உன்னைக் காக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. தபால்காரரைக் குத்தாதபடி கெட்டி அட்டையில் செருகி அனுப்பு. நாளைக்கே அனுப்பு, நாளாக நாளாக எனக்கு அந்த ஆற்று யோசனைதான் பிடித்துப்போகிறது.

இன்னும் கை அழுகாத உன் அம்மா,
ஆல்தியா