என் மெஷினுக்குப் பொட்டு

அக்டோபர் 12, 1994. புதன்.

நாளை விடுமுறை என்பதால் இன்றே ஆபீசில் ஆயுத பூஜை. அவரவர் மெஷினுக்கு அவரவரே பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். கட்டட வரைபடம் போடும் கம்ப்யூட்டர் என்னுடையது. போன வருடம் நான்தான் வைத்தேன்.

இந்த முறை மானேஜர் என்னைக் கோலம் போடச் சொன்னார். எனக்குக் கோலம் வராது. கோணலாகப் போயிற்று.

“இன்னா மேடம், கம்ப்யூட்டர்ல நேரா வருது, தரையில வளைஞ்சிக்கினு போவுதே!” என்றார் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கை கழுவிவிட்டு வந்தால், போன மாதம் சேர்ந்த ரமேஷ் என் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான்.

“சார், அது என் மெஷின்,” என்றேன் மானேஜரிடம்.

“கோலம் உங்க கை, பொட்டு ரமேஷ் கை. சரியாப் போச்சில்ல? அந்தச் சுண்டலைக் கொஞ்சம் பொட்டலம் கட்டிடுங்கம்மா,” என்றார் மானேஜர்.

கட்டினேன். அடுத்த வாரம் என் கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் யார் உட்காருவது என்று கேட்கவில்லை.

மாம்பலம் ஹாஸ்டலில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அறைத்தோழியின் குங்குமச் சிமிழ் ஜன்னலில் இருந்தது. இந்தப் பேனாவுக்கு நானே ஒரு பொட்டு வைத்தேன். எழுத எழுத விரலில் ஒட்டுகிறது.