நட்சத்திரம் இல்லாத பக்கங்கள்

பத்து நிமிட மேடம் அவர்களுக்கு,

உங்களை நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத, ஆனால் உங்கள் குரலைக் கேட்காமல் ஒருநாளும் கடை திறக்காத ஒருத்தியின் வணக்கம். இருமல் எப்படி இருக்கிறது? போன நேரலையில் பேச்சுக்கு நடுவே இருமிக்கொண்டே இருந்தீர்கள். வெந்நீர் குடியுங்கள் என்று கீழே வரிசையாக எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

உங்கள் ரசிகர் குழுவில் யாரும் உங்களை டாக்டர் என்று சொல்வதில்லை. எங்களுக்கு நீங்கள் ‘பத்து நிமிஷ மேடம்’தான். அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் ஒருநாள் சிரித்ததை வெட்டி எடுத்துத்தான் என் போனில் ரிங்டோனாக வைத்திருக்கிறேன். போன் அடித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். இப்போது சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். ஏன் என்று கீழே வரும்.

உங்கள் பக்கத்துக்குச் செய்தி அனுப்பினால் உதவியாளர் ஒரு இதயப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். என்னிடம் நிறைய இதயங்கள் சேர்ந்துவிட்டன, பதில்தான் இல்லை. அதனால்தான் தபால். டைப் அடித்திருக்கலாம், நான் வேலை செய்வதே ஜெராக்ஸ் கடையில். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இப்போது என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். இது அவள் கண்ணில் படக் கூடாது. மெஷினுக்குப் பின்னால் பேப்பர் பண்டல்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்களிடம் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்கிறேன். எங்கள் கடை ஒரு காலேஜ் வாசலுக்கு எதிரே இருக்கிறது. ஆராய்ச்சி மாணவர்கள் அறிக்கையைக் கொண்டுவருவார்கள், நான் பிரிண்ட் எடுத்து பைண்டு போட்டுக் கொடுப்பேன். கல்வியியல், உளவியல் படிக்கிறவர்களின் அட்டவணைகளில் சில எண்களுக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் இருக்கும். அழகுக்குப் போடுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு அண்ணனிடம் கேட்டேன். “அது இருந்தாதாம்மா இது ஆராய்ச்சி. இல்லன்னா வெறும் பேப்பரு” என்றார். அதென்ன அப்படி ஒரு நட்சத்திரம் என்று தேடியபோதுதான் உங்கள் பாடம் கிடைத்தது.

பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்கே புரிகிற மாதிரி நாணயத்தைச் சுண்டிச் சுண்டிக் காட்டினீர்கள். உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லாத இடத்திலும் இருபது தடவை பார்த்தால் ஏறக்குறைய ஒரு தடவை தற்செயலாக வித்தியாசம் இருப்பதுபோலத் தெரியும், அந்த ஏமாற்றத்துக்கு நாம் ஒத்துக்கொண்ட எல்லைதான் இந்த நட்சத்திரம் என்றீர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் உங்கள் இடது கை ஆராய்ச்சி. தேர்வுக்கு முன்னால் பத்து நிமிடம், எழுதிப் பழக்கமில்லாத கையால் மனதில் இருக்கிற பயத்தை எல்லாம் எழுத வேண்டும். மெதுவாக எழுத எழுத பயமும் மெதுவாகும், கணக்கில் பன்னிரண்டு மார்க் ஏறும். அந்த வீடியோவை நான் யாருக்குத்தான் அனுப்பவில்லை. முதலில் அனுப்பியது என் தங்கைக்கு.

வீட்டில் அவள் பேர் பொடிசு. இப்போது என்னைவிட உயரம், ஆனாலும் பொடிசுதான். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். சின்ன வயதில் எங்கள் வீட்டு நாற்காலிக் காலுக்கெல்லாம் கட்டுப் போட்டவள். நுழைவுத் தேர்வில் கணக்குத்தாள் ஒன்று இருக்கிறது. வீட்டில் சரியாகப் போடுகிற கணக்கு, தேர்வு அறையில் அவளுக்குப் பயத்தில் கலைந்துபோகும். உங்கள் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. “பத்து நிமிஷம் கிறுக்குற நேரத்துல பத்து கணக்கு போட்டா என்னடி” என்பாள். ஆனால் அடுத்தடுத்து வந்த இரண்டு மாதாந்திரத் தேர்வுகளிலும் மார்க் ஏறியது. அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

பொடிசின் இடது கை எழுத்தைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. ‘பயம்’ என்ற வார்த்தையில் கடைசிப் புள்ளி பக்கத்து வரிக்கே ஓடியிருக்கும். அதை நேரலையில் காட்டி, “இந்தப் பொண்ணு கண்டிப்பா ஜெயிப்பா பாருங்க” என்றீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. அந்த நொடியைப் பொடிசு பிரிண்ட் எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டினாள். முதலாளியிடம் சொல்லிவிட்டு, கலர் பிரிண்ட்.

நுழைவுத் தேர்வில் கணக்குத்தாளில் போய்விட்டது மேடம். அடுத்த முறையும் போய்விட்டது. இரண்டு தடவையும் பத்து நிமிடம் எழுதிவிட்டுத்தான் போனாள்.

மூன்று முறைதான் எழுதலாம். கடைசி முறைக்குப் பேர் கொடுக்க இந்த மாதக் கடைசி வரைதான் நேரம். அவள் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

பொடிசு உங்களைத் திட்டினாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தன்னிடமே தப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். “ஒம்போது நிமிஷத்துலயே மணி அடிச்சிட்டாங்கக்கா” என்றாள் ஒருநாள். இன்னொரு நாள், பேனாவை மாற்றியிருக்கக் கூடாது என்றாள். அப்புறம் ஒரு சாயங்காலம், நான் பைண்டிங் பசையைக் கலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். “பயத்த எல்லாம் எழுதணும்னு மேடம் சொன்னாங்க. நான் ஒண்ண மட்டும் எழுதலக்கா. எனக்காக நீ படிப்ப விட்டியே, அது வீணாப் போயிடுமோன்னு ஒரு பயம். அத எழுதுனா நீ பாத்துடுவேன்னு விட்டுட்டேன். அதான் வேல செய்யல” என்றாள். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். பசை முழுக்கக் கட்டியாகிவிட்டது.

குழுவிலிருந்து விலகிவிட்டாள். “கண்டிப்பா ஜெயிப்பான்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. அவங்க மூஞ்சில கரியப் பூசிட்டேன்” என்கிறாள். அலமாரிக் கதவில் இருந்த படத்தைக் கிழிக்கவில்லை. திருப்பி ஒட்டியிருக்கிறாள். உங்கள் சிரிப்பு போனில் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இந்த இடத்தில் பேனா நகர மாட்டேன் என்கிறது.

உங்கள் ஆராய்ச்சி வெளிவந்து பத்து வருடம் ஆகிறதே, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று குழுவில் பேச்சு வந்தது. கேக் படம், வாழ்த்து வீடியோ எல்லாம் எல்லாரும் செய்கிறார்கள். நாம் மேடம் ஆராய்ச்சியையே திரும்பச் செய்து, இன்னும் பெரிதாகச் செய்து, கையில் கொடுப்போம் என்றேன். ஆமாம், யோசனை என்னுடையது. எங்கள் குழுவில் கணக்குப் புலி என்று ஒருவர் இருக்கிறார், பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ், மற்ற நேரமெல்லாம் உங்கள் பாடம். அவர் முறைப்படி திட்டம் போட்டுக் கொடுத்தார். எதை அளப்போம், எப்படி அளப்போம் என்று முன்கூட்டியே எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். உங்கள் ஆராய்ச்சியில் முப்பத்தாறு பிள்ளைகள். நாங்கள் பல டியூஷன் சென்டர்களில் கெஞ்சிக் கூத்தாடி முந்நூறு பேருக்கு மேல் சேர்த்தோம். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை இடது கையால் பயத்தை எழுதச் சொன்னோம், மீதிப் பேரை அதே பத்து நிமிடம் அதே கையால் வெறும் கோடு போடச் சொன்னோம். பிறகு எல்லாருக்கும் ஒரே கணக்குத் தேர்வு.

ஒன்றும் இல்லை மேடம். சொல்லப்போனால் கோடு போட்ட பிள்ளைகள் அரை மார்க் கூட. எதுவுமே இல்லை என்று அடித்துச் சொல்லக் கூடாது, அதையும் நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு மார்க் அங்கே இல்லை.

குழுவில் பெரிய சண்டை. மேடம் மனசு நொந்துபோகும், மூடி வைத்துவிடலாம் என்றார்கள் சிலர். ஒரு பையன் இரண்டு சென்டரை எடுத்துவிட்டு, பெண் பிள்ளைகளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினான். நட்சத்திரம் வந்துவிட்டது. எல்லாரும் கை தட்டும் படம் போட்டார்கள். ஆனால் நட்சத்திரம் அவ்வளவு சுலபமாக வந்ததுதான் எங்களைப் பயமுறுத்தியது. புலிதான் கடைசியில், “இது பாயாசத்துல முந்திரிய மட்டும் பொறுக்குற வேல தம்பி” என்றார்.

அதற்குப் பிறகுதான் உங்கள் பழைய கட்டுரையின் பின்னிணைப்பைத் திறந்தோம். நீங்கள் ஆறு பாடங்களில் பார்த்திருக்கிறீர்கள். கணக்குக்கு மட்டும் நட்சத்திரம். உண்மையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஆறு இடத்தில் தேடினால் எங்காவது ஓரிடத்தில் நட்சத்திரம் தட்டுப்பட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று புலி கணக்குப் போட்டார். நீங்கள் மற்ற ஐந்து பாடங்களை மறைக்கவில்லை, சின்ன எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் வீடியோவில் அதைச் சொல்லவில்லையே மேடம்.

எங்கள் கடையில் பைண்டிங் மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. பைண்டு போடுவதற்கு முன்னால் மாணவர்கள் கடைசியாக ஒருமுறை புரட்டுவார்கள். “இந்த அட்டவண வேணாங்க, இதுல நட்சத்திரம் இல்ல” என்று என்னிடம் உருவச் சொல்வார்கள். ஒரு பக்கம் காலியாக இருக்கிற நல்ல பேப்பர், குப்பையில் போட மனசு வராது. அதை எல்லாம் அந்தப் பெட்டியில் போட்டுவைப்போம். பொடிசு இடது கையால் எழுதிப் பழகியது முழுக்க அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான். இத்தனை வருடம் அந்தப் பக்கங்களை உருவிக் கொடுத்த கை என்னுடையது. அந்தப் பக்கங்களிலும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. உங்கள் மேஜைக்கு அடியிலும் அப்படி ஒரு பெட்டி உண்டா என்று நான் கேட்கப் போவதில்லை.

எல்லாவற்றையும் பொடிசிடம் சொல்லிவிட்டேன். அட்டவணைகளைக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நீ ஜெராக்ஸ் கடைக்காரி, அவங்க டாக்டரு. எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக அவங்களையே பொய்யாக்குறியாக்கா” என்றாள். இன்னும் அந்தப் பெட்டியிலிருந்து தாள் எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். தலை சீவுவதும் பூட்டுத் திறப்பதும்கூட இடது கையால்தான். அந்தக் கைக்குப் போதுமான பழக்கம் இல்லை, அதனால்தான் தவறிவிட்டதாம். கணக்குப் பயிற்சி நோட்டைத் தொடுவதில்லை. தேர்வுக்குப் போகாத பிள்ளைக்கு எதற்கு மேடம் தேர்வுப் பயம் போகும் வழி?

ஒரு பிள்ளையை வைத்து ஒரு முறையை எடை போடக் கூடாது, அது உங்கள் முதல் பாடம். அதனால் பொடிசு தோற்றதைக் காட்டி உங்கள் ஆராய்ச்சி தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு முறையை வைத்து ஒரு பிள்ளை தன்னையே எடை போட்டுக்கொண்டிருக்கிறாளே. அதற்குப் பாடம் எதுவும் போட்டிருக்கிறீர்களா என்று தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

எங்கள் முடிவை வருகிற ஞாயிற்றுக்கிழமை குழுவில் வெளியிடுகிறோம். எல்லா எண்ணும் இருக்கும், எதையும் உருவவில்லை. நீங்கள் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அது வரும். அதைக் காட்டி உங்களிடம் எதையோ கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பொடிசுக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஆராய்ச்சி சரியா தப்பா என்றெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டாம். ‘நீ சரியாகத்தான் எழுதினாய், கோளாறு உன்னிடம் இல்லை’ என்று மட்டும். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். அம்மா சொன்னால் கேட்க மாட்டாள். நீங்கள் சொன்னால் நம்புவாள், அவள் உங்களை இன்னும் நம்புகிறாள். கடை முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. மாதக் கடைசிக்கு முன்னால் வந்து சேர்ந்தால் போதும்.

எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுதுங்கள் மேடம்.

இருமலைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும், நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும். நாணயப் பாடத்தை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சத்தம் வைக்காமல்.

உங்களை நம்பி வந்த
பொடிசின் அக்கா