ஆட்டுப்பட்டியும் கிணற்றுத் தண்ணீரும்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

மருமகள் செல்வி இன்றுதான் பென்னாகரத்துத் தாய்வீட்டிலிருந்து மூன்று மாதக் குழந்தையோடு வந்தாள். வந்ததும் பால் பவுடர் கலக்கக் கிணற்றுத் தண்ணீரை அடுப்பில் வைத்தாள். எனக்குத் திக்கென்றது. கிணற்றுக்கு மேட்டிலுள்ள நிலத்தில் போன மாதம்தான் உரத்துக்காக ஆட்டுப்பட்டி போட்டோம். ஆட்டு மூத்திரம் மண்ணில் நைட்ரேட்டாக மாறும். மழை அதைக் கிணற்றில் இறக்கிவிடும். அது அதிகமானால் கைக்குழந்தைக்கு ஆகாது, உடம்பு நீலம் பாய்ந்துவிடும்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“நல்லா கொதிக்க வெச்சுத்தானுங்க மாமா கலக்கறேன்.”

“அது கிருமி இல்லம்மா, உப்பு மாதிரி. கொதிச்சா போகாது.”

“அப்ப சுண்டுன ரசமாட்டம் இன்னும் கரிக்குமுங்களா? சரி, இனிமே குழாய்த் தண்ணி கொண்டாரது உங்க வேலைங்க!” சிரித்துக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

ஒகேனக்கல் தண்ணீர் வரும் தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து வந்தேன். அடுப்பிலிருந்த தண்ணீரை ஆறவிட்டு வாழைக்கு ஊற்றினேன். வாழைக்கு அது சாப்பாடு.

சோதித்துப் பார்க்காமலே பயமுறுத்திவிட்டேனோ? நாளை கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குத் தருமபுரிக்குக் கொண்டுபோக வேண்டும். கெடுதல் இல்லை என்று வந்தால் செல்வி கேலி செய்வாள். செய்யட்டும். தோள் வலிக்கிறது. குழந்தை குடித்துவிட்டுத் தூங்குகிறது.