நீல அட்டையுள்ள சாட்சி

தெலுக் இந்தான்
2 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

திலகா எழுதுவது. இங்கே நானும் மகன் ரிஷியும் நலம். அண்ணியின் முழங்கால் இப்போது தேவலையா? போனில் பேசுகிறவள் எதற்குத் திடீரென்று கடிதம் போடுகிறாள் என்று மூக்குக் கண்ணாடியைத் தேடியிருப்பீர்கள். காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

குடியுரிமைக்கு நான் மூன்றாம் தடவை போட்ட மனுவைக் கையில் எடுத்துவிட்டார்கள். போன வாரம் பதிவு அலுவலகத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள். கிழவியாகிவிட்ட பிறகுதான் என் ஞாபகம் வந்திருக்கிறது, போகட்டும். நேர்முகத்துக்குத் தேதி கொடுப்பார்களாம். அன்றைக்கு ஒரு சாட்சி வேண்டுமாம். நான் இந்த மலேசிய மண்ணில்தான் பிறந்தேன் என்று நேரில் அறிந்த இரத்த உறவாக அவர் இருக்க வேண்டும். அவர் கையில் குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல அடையாள அட்டை, அதுதான் நீல ஐ.சி., இருக்க வேண்டும். உங்களுக்குப் பிறப்புப் பத்திரம் எடுத்த அப்பா எனக்கு எடுக்காமல் விட்டதன் வினை இது. அப்பா, அம்மா, பிரசவம் பார்த்த மருத்துவச்சி எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நீங்கள் ஒருவர்தான் அண்ணா.

கோப்பில் வைக்க அண்ணன் தங்கை எழுதிக்கொண்ட கடிதங்கள் இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் காலை வணக்கப் பூக்களை அவர்கள் ஏற்க மாட்டார்களாம். அதனால் தாளில் எழுதுங்கள். மேலே விலாசம், தேதி. கீழே கையெழுத்து. அதற்கும் கீழே உங்கள் ஐ.சி. எண். அதை மறந்துவிடாதீர்கள்.

தேசிய தினத்தையொட்டி நீல ஐ.சி. வைத்திருக்கும் எல்லாருக்கும் அரசாங்கம் அட்டையிலேயே நூறு வெள்ளி போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எல்லாரும் அட்டையை நீட்டி அரிசியும் எண்ணெயும் வாங்கினார்கள். வரிசையில் நான் ஒருத்திதான் பர்ஸைத் திறந்தேன். நூறு வெள்ளி என்ன பெரிய காசு. ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது.

உங்கள் மகள் அஞ்சனா பிரிஸ்பேனில் நன்றாக இருக்கிறாளா? அவள் கல்யாணத்துக்குத்தான் என்னால் ஆக்லாந்து வர முடியவில்லை. குடியுரிமை இல்லாதவள் என்று சொல்லும் என் சிவப்பு ஐ.சி.க்கு யார் பாஸ்போர்ட் கொடுக்கிறார்கள்? இந்தத் தடவை நல்லபடியாக முடிந்தால் பாஸ்போர்ட் எடுத்து, முதல் வேலையாக உங்கள் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நிற்பேன். அண்ணியை இப்போதே பயந்துகொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை
திலகா


ஹில்ஸ்பரோ, ஆக்லாந்து
22 செப்டம்பர் 2025

அன்புத் தங்கை திலகாவுக்கு,

அண்ணன் முனியாண்டி எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. என்னுடையதுதான் கோணல் மாணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள்.

உன் அண்ணி மார்கரெட்டுக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்து ஒன்பது மாதம் ஆகிறது, இன்னும் வரிசையில் இருக்கிறோம். நான் வாரத்தில் மூன்று நாள் பென்ரோஸில் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்க்கிறேன். அறுபத்தொன்பது வயதில் எதற்கு என்று கேட்பாய். வீட்டில் இருந்தால் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், அது நல்லதில்லை. வசந்தம் என்று பெயர்தான், காற்று ஆளைத் தள்ளுகிறது.

இங்கே நகரசபைத் தேர்தல் வருகிறது. ஓட்டுச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிட்டது. நிரப்பி, நூலகத்தில் இருக்கும் பெட்டியில் போட்டால் முடிந்தது. இந்த நாட்டில் குடியுரிமை வேண்டும் என்றுகூட இல்லை, நிரந்தரவாசியாக ஒரு வருடம் இருந்தாலே ஓட்டுப் போடலாம். பேருந்துக் கட்டணம், குப்பைத் தொட்டி, சாலைக் குழி, எல்லாவற்றுக்கும் நம் அபிப்பிராயத்தைக் கேட்கிறார்கள். வெஸ்ட்கேட்டில் இருக்கும் நம் மலேசியக்காரர்கள் ஒரு பிறந்தநாள் விருந்தில் இதை வைத்தே இரண்டு மணி நேரம் சண்டை போட்டார்கள். யாரும் யார் பேச்சையும் கேட்கவில்லை, சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

நேர்முகம் விஷயம் படித்தேன். சந்தோஷம். வேலையில் விடுப்பு கேட்க வேண்டும், மார்கரெட்டையும் தனியாக விட முடியாது. பார்க்கலாம். வேறு தெரிந்தவர் யாரையாவது சாட்சியாக ஏற்பார்களா என்று ஒருமுறை விசாரித்து வை. அவசரப்பட்டு ஒன்றும் எழுதிக் கொடுத்துவிடாதே.

ரிஷிக்கு என் அன்பு.

உன் அன்பு அண்ணன்
முனியாண்டி


தெலுக் இந்தான்
10 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஐ.சி. எண்ணைக் காணோம். ஓட்டுச்சீட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறவருக்குப் பன்னிரண்டு எண் எழுத மறந்துபோனதா? மறுபடி எழுதி அனுப்புங்கள். இப்படியே கோப்பில் வைத்தால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் என்பார்கள்.

தேதி வந்துவிட்டது. நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. நீங்கள் சொன்னபடி விசாரித்தேன். நம் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருந்த சதாசிவம் அண்ணன் வருகிறேன் என்றார். எண்பத்தாறு வயது. பேசிப் பார்த்தேன், என்னை அவருடைய மருமகள் என்று நினைத்துக்கொண்டு பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்கிறார். அதுவும் இல்லாமல், உடன்பிறந்தவர் உயிரோடு இருக்கும்போது வெளி ஆள் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நியாயம்தானே.

அங்கே ஒரு வருடம் இருந்தாலே ஓட்டா? படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. எனக்கு ஐம்பத்தொன்பது வயது. இங்கேதான் பிறந்தேன், இங்கேதான் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினேன், இங்கேதான் புருஷனைக் கொண்டுபோய் எரித்தேன். ஓட்டு நாளில் ரிஷியைச் சாவடி வாசலில் விட்டுவிட்டு நான் வெளியே மோட்டார் சைக்கிளுக்குக் காவல் நிற்பேன். இப்போது பெட்ரோலும் நீல ஐ.சி. உள்ளவர்களுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை. மற்றவர்கள் என்றால் நான்தான்.

முதல் மனு 1989இல் தள்ளுபடி. அப்போது நீங்கள் வேலைக்காக ஜொகூரில் இருந்தீர்கள், அப்பா வந்து நின்றார், தேதி தப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது 2004இல். நீங்கள் ஆக்லாந்து போன புதிது, விடுப்பு கிடைக்கவில்லை. இரண்டையும் நான் குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. கொஞ்சம் குத்திக் காட்டத்தான் எழுதுகிறேன்.

அண்ணிக்குப் போன் போட்டு, "டிக்கெட் போட்டாச்சா அண்ணி?" என்று கேட்டேன். "உங்க அண்ணனையே கேட்டுக்கோ திலகா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். அண்ணி இப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. உங்கள் உடம்புக்கு ஏதாவதா? எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் அன்புத் தங்கை
திலகா


ஹில்ஸ்பரோ, ஆக்லாந்து
27 அக்டோபர் 2025

என் அன்புத் தங்கை திலகாவுக்கு,

இன்று இங்கே விடுமுறை நாள். காலையிலிருந்து மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. என் ஐ.சி. எண்ணை எழுத மறக்கவுமில்லை. என்னிடம் ஐ.சி. இல்லை திலகா. நான் மலேசியக் குடிமகன் இல்லை. இரண்டரை வருடமாக இல்லை.

அஞ்சனாவுக்குப் பிள்ளை பிறந்த சமயம். நியூசிலாந்துக் குடியுரிமை இருந்தால் ஆஸ்திரேலியாவில் வீசா இல்லாமல் போய் இருக்கலாம். கடைசிக் காலத்தில் பேரப்பிள்ளையோடு இருக்கலாம் என்று மார்கரெட்டும் நானும் எழுதிப் போட்டோம், கிடைத்தது. நம் நாட்டில் இரண்டு குடியுரிமை கூடாது என்று உனக்கும் தெரியும். இங்கே பல பேர் இரண்டு பாஸ்போர்ட்டையும் அலமாரியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருக்க நினைத்தேன்.

2023 மார்ச்சில் மலேசிய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நம் தூதரகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர், "வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், இல்லை என்று சொல்லிவிட்டு எல்லாரும் வந்துவிடுகிறார்கள். எனக்கு ஒரு அரசாங்க அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "எடுத்திருக்கிறேன்" என்றேன். அவர் குடியுரிமையைத் துறக்கும் பாரத்தை நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன். ஐ.சி.யையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். யோக்கியன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிமிடம் உன் நினைப்பு எனக்கு வரவில்லை. இதைத்தான் என்னால் எழுத முடியாமல் இருந்தது. நீ மூன்றாம் மனு போட்டிருக்கிறாய் என்று தெரிந்தும் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போதுதான் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன்னோடு போனில் பேசியிருக்கிறேன், ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதிகாரியிடம் சொல்ல முடியாத பொய்யை உன்னிடம் இரண்டரை வருடம் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவுக்கும் நாங்கள் போகவில்லை. அஞ்சனா, "இப்ப வேணாம்பா, வீடு சின்னது, பார்க்கலாம்" என்றாள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இத்துடன் ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். நேற்று முன்தினம் நூலகத்தில், வாக்குமூலங்களுக்குச் சான்று கொடுக்கும் ஜே.பி. ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். 1966 ஜூலையில் அம்மாவுக்கு வலி கண்டபோது அப்பா ரப்பர்க் காட்டில் வேலையில் இருந்தார் என்றும், பத்து வயதுப் பையனான நான் ஓடிப்போய் மருத்துவச்சியைக் கூட்டி வந்தேன் என்றும், நீ பிறந்து அழுததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். நானே நேரில் வரவும் தயார். டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரனாகத்தான் வர முடியும், ஆனாலும் வந்து அந்த அதிகாரிகள் காலில் விழுகிறேன். சீக்கிரம் கிடைக்கட்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வா என்று ஒரு வார்த்தை சொல்.

திட்டியாவது ஒரு பதில் போடு.

உன் அண்ணன்
முனியாண்டி


தெலுக் இந்தான்
21 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் ஆறாம் தேதியே கிடைத்துவிட்டது. நீங்கள் பதினான்கு தடவை போன் போட்டீர்கள், நான் எடுக்கவில்லை. ரிஷியிடமும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கோபம் அடங்கட்டும் என்று இருந்தேன். அடங்கவில்லை, ஆனால் எழுத வேண்டியதை எழுதித்தானே ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். கவுண்டரில் நம் பெண் ஒருத்தி இருந்தாள், வைஷாலி என்று பெயர். அதுவரைக்கும் மலாயில் பேசியவள் என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள்.

"சாட்சி எங்க ஆன்ட்டி?"

உங்கள் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். படித்தாள். கணினியில் உங்கள் பழைய எண்ணைத் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவரு தானா திருப்பிக் குடுத்துட்டாரா? யாரும் புடுங்கலயே?"

"தானாத்தான்மா குடுத்தாரு."

"நீங்க கேட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு தெரிஞ்சுமா?"

அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை அண்ணா. நீங்கள் ஐ.சி.யைக் கொடுத்ததுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. எனக்கு உயிராக இருக்கிற ஒன்று உங்கள் சட்டைப்பையில் இருந்திருக்கிறது, அதை எடுத்து நீட்டும்போது உங்களுக்கு என் முகம் நினைவுக்கு வரவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வெளிநாட்டுக்காரர் வாக்குமூலம் செல்லாதாம், நேரில் வந்தாலும் செல்லாதாம். ஒரு வழி சொன்னாள். உடன்பிறந்தவர் என்று போட்டுவிட்டுச் சாட்சி இல்லை என்றால் சந்தேகப்பட்டு அன்றைக்கே மூடிவிடுவார்களாம். உடன்பிறந்தவர்களே இல்லை என்று எழுதினால் சதாசிவம் அண்ணனை வைத்து மேலே அனுப்பிப் பார்க்கலாமாம். நிச்சயம் இல்லை. அவரும் அங்கே வந்து என் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், மேலே இருப்பவர்களும் கண்ணைத் திறக்க வேண்டும். "இதுவும் போனா உங்க வயசுக்கு இனிமே திறக்க மாட்டாங்க ஆன்ட்டி" என்றாள். உங்கள் வாக்குமூலத்தையும் போன கடிதங்களையும் கோப்பிலிருந்து எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

பாரத்தில் உடன்பிறந்தவர்கள் என்ற கட்டத்துக்கு எதிரே மலாயில் 'இல்லை' என்று என் கையால் எழுதினேன். கீழே எழுதியதெல்லாம் உண்மை என்று கையெழுத்தும் போட்டேன்.

நீங்கள் டிக்கெட் போட வேண்டாம். அண்ணிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடியட்டும். அஞ்சனாவின் பிள்ளை நன்றாக இருக்கட்டும். நீங்கள் அரசாங்கத்திடம் பொய் சொல்லாதவர், நானும் ஐம்பத்தொன்பது வருடத்தில் சொன்னதில்லை. செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவை. அது பொய்யாகவே இருக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள், போனும் போடாதீர்கள்.

திலகா