வெள்ளைப் பூவுக்கு இரண்டு முடிச்சு

இன்று காலை உன் அம்மா மலைக் கோயிலிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பிரசாதப் பொட்டலம் கொடுத்தார்கள். வாழைச் சருகில் மடித்து, நாரால் கட்டிய சின்னப் பொட்டலம். கையில் வாங்கியதுமே என் விரல்கள் தாமாகப் போய் முடிச்சைத் தடவிப் பார்த்தன. ஒரு முடிச்சுதான். நான் தடவியதை உன் அம்மா பார்த்துவிட்டார்கள்.  

உன் மகளுக்கு இன்று மலையில் மொட்டை போட்டார்கள். மணவூரிலிருந்து உன் அத்தையும் குழந்தையின் அப்பாவான உன் பாவாவும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அவளுக்குப் பதினொரு மாதம். நீ போயும் பதினொரு மாதம். அதனால் உனக்கு இன்று எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று தெரியாது. என் கணக்கு நோட்டில்தான் எழுதுகிறேன். நீ எப்போதும் வாங்கிப் பார்ப்பாயே, அந்த மாதிரி நோட்டு.

நாம் எட்டாவது படித்த வருஷம் தமிழ் ஐயா ஒரு கட்டுரை கொடுத்தது உனக்கு நினைவிருக்கும். ஊரெல்லாம் சுதந்திரம், சுதந்திரம் என்று பேசிக்கொண்டிருந்த காலம். ‘மதம் மனிதனின் சுதந்திரத்துக்குத் துணையா, தடையா?’ நான் நான்கு பக்கம் எழுதினேன். துணைதான் என்று முடித்தேன். ஐயா அதை வகுப்பில் படித்துக் காட்டினார். நீ மூன்று வரிதான் எழுதியிருந்தாய். “இது கதவு நல்லதா கெட்டதா என்று கேட்பது போல இருக்கிறது. தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.” ஐயா கீழே ‘விடை முழுமையில்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். நீ அந்த நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “கேள்வியே முழுமையில்லடி” என்று சிரித்தாய்.

நீ ஆசிரியைப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாய். எட்டாவது தேறினால் சேர்த்துக்கொள்வார்கள். கணக்கு டீச்சரம்மாவே அரக்கோணத்துக்கு அப்பால் இருக்கும் மிஷன் பயிற்சிப் பள்ளியிலிருந்து விண்ணப்பத் தாள் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அன்று இருந்தேன். உன் நைனா அவர்களுக்கு மோர் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார்.

“சோத்தப் போட்டு அப்படியே ஞானஸ்நானமும் குடுத்துடுவாங்களே, டீச்சரம்மா.”

“நான் அங்கதாங்க படிச்சேன். என்கூட படிச்சதுல பாதிப் பேரு நெத்தி நெறைய விபூதி வெச்சிக்கினு பாடம் படிச்சாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”

“அது அப்போங்க” என்றார் உன் நைனா. “அதுவும் இல்லாம எங்க அக்கா பையனுக்குன்னு எப்பவோ வாய் விட்டுட்டேன்.”

டீச்சரம்மா தாளை வைத்துவிட்டுப் போனார்கள். நீ அதை எடுத்து உன் பெயர், ஊர் எல்லாம் பூர்த்தி செய்துவிட்டாய். தகப்பனார் கையொப்பம் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

பூக் கேட்கலாம் என்ற யோசனை உன் அம்மாவுடையது. சமையலறையில் நம் இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள். “இந்த வூட்ல நான் சொன்னா எடுபடாது. டீச்சரம்மா சொன்னா எடுபடாது. மேல கீறவரு சொன்னாத்தான் உங்க நைனா கேப்பாரு.” ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் தட்டில் வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் படிப்பு, சிவப்பு வந்தால் கல்யாணம். பொட்டலத்தைக் கட்டப்போவது உன் அம்மா. வெள்ளைக்கு இரண்டு முடிச்சுப் போடுவார்கள். எடுக்கிறவள் விரலால் தடவினால் போதும்.

“சாமிக்கே கேள்வித்தாள முன்னாடி காட்டற மாதிரி கீதும்மா” என்றாய் நீ.

“சும்மா இருடி. அவரு கண்டுக்க மாட்டாரு. ரெண்டு பொண்டாட்டிய வெச்சிக்கினு கீறாரு, பொம்பளைங்க பாடு அவருக்குத் தெரியாதா?”

நாம் மூவரும் எவ்வளவு சிரித்தோம். உன் அம்மா அவ்வளவு சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பூ எடுக்க என்னைத் தேர்ந்தெடுத்தது உன் நைனா. “அந்தப் பொண்ணு பொய் சொல்லாது. அதுவே எடுக்கட்டும். சாமி உத்தரவு குடுத்துட்டா குறுக்க நிக்க நான் யாரு?” அவர் அதை மனசாரத்தான் சொன்னார். வெள்ளை வந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று படியேறும்போது நீ என் காதருகே வந்து, “ரெண்டு முடிச்சு. மறந்துடாதே” என்றாய். நான் தலையாட்டினேன். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையாட்டியபோது உண்மையாகவே எடுத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

சந்நிதியில் குருக்கள் தட்டை நீட்டினார். கண்ணை மூடிக் கையை வைத்தேன். முதலில் தட்டுப்பட்டதே அதுதான், இரண்டு முடிச்சு, ஒன்றின்மேல் ஒன்று, மிளகு போல. எடுத்திருந்தால் முடிந்திருக்கும். என் கை அங்கேயே நின்றது. இதை எடுத்தால் இது என் விடை, அவர் விடையில்லை என்று ஒரு எண்ணம். உண்மையாகக் கேட்டால் அவர் வெள்ளையைத்தான் கொடுப்பார், நியாயம் நம் பக்கம் இருக்கிறதே என்று இன்னொரு எண்ணம். என் கட்டுரையின் நான்கு பக்கமும் அதைத்தான் சொல்லியிருந்தது.

கையை எடுத்துவிட்டு, “சாமி, இன்னொரு தபா கலக்குங்க” என்றேன். பிறகு என் தாவணித் தலைப்பை விரல்களில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். முடிச்சு தெரியக் கூடாது என்பதற்காக. உன் நைனாவுக்கு அது பக்தியாகத் தெரிந்தது. “பாத்தியா, எவ்ளோ சுத்தமா எடுக்குது பொண்ணு” என்று உன் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

நான் எடுத்துக் கொடுத்ததைக் குருக்கள் பிரித்தார். செவ்வரளி.

உன் நைனா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி முருகா என்றார். அவர் கண்ணில் தண்ணீர். உன் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் உன்னைப் பார்க்கவில்லை. தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது.

பாதிப் படி வரை நீ முன்னால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாய். நான் அழுதுகொண்டே, என்ன செய்தேன் என்று சொன்னேன். நீ நின்று, என் தாவணித் தலைப்பை எடுத்துப் பார்த்தாய். அது இன்னும் கசங்கியிருந்தது.

“உம்மேல தப்பில்லடி. நீ சாமிய நம்புன. நாங்க உன்ன நம்பிக்கினு இருந்தோம்” என்றாய்.



ஆவணியில் கல்யாணம் நடந்தது. உன் பாவா நல்லவர்தான். நீயே அப்படித்தான் சொன்னாய். அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு வந்தபோது உனக்கு ஆறு மாதம். தெரு முழுதும் காவடியும் மேளமுமாக இருந்தது. எங்கள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து என் அல்ஜீப்ரா புத்தகத்தைப் புரட்டினாய். ஒரு கணக்கைச் சாக்கட்டியால் தரையிலேயே போட்டுப் பார்த்து, விடை சரியாக வந்ததும் முந்தானையால் அழித்துவிட்டாய்.

“அந்த இன்னொரு பொட்டலம் என்ன ஆச்சு?” என்று திடீரென்று கேட்டாய்.

“என்கிட்டதான் கீது. ஜாமெட்ரி பெட்டியில.”

“அவுத்துப் பாத்தியா?”

“இல்ல.”

“சரி, வெச்சிக்கோ. பொண்ணு பொறந்து எட்டாவது தேறட்டும், அவ கையால அவுக்கலாம்.” பிறகு, “இப்போ கேட்டா எத எடுப்ப?” என்றாய்.

நான் புத்தகத்தை எடுத்து மூடினேன். நீ சிரித்தாய். “யோசிச்சி வை. அடுத்த தபா வரும்போது சொல்லு.”

அடுத்த முறை நீ பிரசவத்துக்கு வந்தாய். இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாய். பெண் பிறந்த மூன்றாம் நாள் ஜுரம் வந்து ஜன்னி கண்டுவிட்டது என்றார்கள். நான் ஓடி வந்தேன். தீட்டு வீடு, கல்யாணமாகாத பெண் உள்ளே வரக் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நானும் நின்றுவிட்டேன். உள்ளே உன் குரல் ஒரு தரம் கேட்டது. என்ன சொன்னாய் என்று தெரியவில்லை.

இந்தப் பதினொரு மாதமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்று என் கையை யாரும் பிடிக்கவில்லை. வாசலில்கூட யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. உன் அம்மாவுக்குத்தான் என்னைவிட நம்பிக்கை அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் சாமியைத் தம் பக்கத்து ஆளாக நினைத்தார்கள். நான் பரீட்சை அதிகாரியாக நினைத்தேன். ஆனால் அன்று இரண்டு முடிச்சை எடுத்திருந்தால் நீ இன்று இருந்திருப்பாயா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. நீ கேட்ட கேள்விக்கு ஒருநாள் வெள்ளை என்கிறேன், ஒருநாள் தெரியாது என்கிறேன். எதைச் சொன்னாலும் கேட்க நீ இல்லை.

இன்று உன் மகளை ஒரு நிமிஷம் என் கையில் கொடுத்தார்கள். மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். என் தாவணித் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். “எங்க போனாலும் துணிய விடாது” என்று உன் அத்தை அவளை வாங்கிக்கொண்டு, மணவூர்ப் பக்கத்தில் இப்போதே இரண்டு மூன்று வீட்டில் பையன்கள் இருக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் என்னைப் பார்த்தார்கள்.

பொட்டலம் என் ஜாமெட்ரி பெட்டியில் காம்பஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சருகு வெடித்துவிட்டது, முடிச்சு இரண்டும் அப்படியே இருக்கின்றன. அவள் எட்டாவது தேறும்போது நான் எந்த ஊரில், யார் வீட்டில் இருப்பேனோ. அவளுக்கும் ஒருநாள் மலையில் பூக் கேட்பார்கள். அன்று தட்டை நோக்கி நீளும் கை, துணி சுற்றிக்கொள்ளாத கையாக இருக்கட்டும் என்று இன்று மாலை மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன்.

வேண்டிக்கொண்டதும் அவரிடம்தான். எனக்கு வேறு யாரைத் தெரியும், சொல்லு.