மல்லாக்கப் படுத்த மௌஸ்

ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவிட்டேன், கையில இன்னும் சாம்பிராணி வாசம் போகல. காலையில உன் கம்ப்யூட்டரோட மூடியக் கழட்டுனேன். உள்ள இருந்த தூசியில அந்த வாசம் அப்படியே இருந்துச்சு. வெள்ளிக்கிழமையானா அதுக்கும் சேத்துத்தான் நீ புகை காட்டுவ. "புகை உள்ள போனா ஃபேன் கெட்டுரும்"னு கத்துவேன். "நமக்குச் சோறு போடுற சாமிங்க இது. உங்களுக்குக் காட்டலன்னு பொறாமையா?"ன்னுவ.

நாளைக்கு உன் தங்கச்சி சின்னாளப்பட்டியில இருந்து வண்டி கொண்டாந்து அத எடுத்துட்டுப் போறா. உன்ன மாதிரியே பத்திரிகை, நோட்டீசு டைப் அடிச்சுக் குடுக்கப் போறாளாம். நாந்தான் எடுத்துக்கன்னு சொன்னேன். அது சும்மா கெடக்குறதப் பாக்க முடியல. நீ போனப்புறம் இந்த வாரந்தான் அதத் தொட்டேன். தொட்டா, அணைய மாட்டேங்குது. ஷட் டவுன் குடுத்தா ஸ்கிரீன் கறுப்பாகுது, உடனே தானா திரும்ப ஆரம்பிச்சிருது.

"பார்மேட் அடிச்சிருங்க மாமா, எல்லாம் அழிஞ்சு புதுசாயிரும்"னு போன்ல சொன்னா. நல்லதுக்குத்தான் சொன்னா. எல்லாம்னா நீ அடிச்ச கல்யாணப் பத்திரிகைங்க, பழனி காவடி நோட்டீசு, தாய்மாமன் பேர் வர்ற எடத்தக் காலியா விட்டு நீ பாதியில நிறுத்துன சாணார்பட்டிக்காரங்க காதுகுத்துப் பத்திரிகை. அம்புட்டும் ஃப்ளாப்பியில கொள்ளாது. கோளாறு எங்கன்னு தெரிஞ்சா தப்பிக்கும். தெரியலன்னா என் கையாலேயே அழிக்கணும்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் படிக்கிறப்ப, ஒவ்வொண்ணா கழட்டிப் பாருன்னுதான் எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க. மோடத்தக் கழட்டுனேன். சவுண்ட் கார்டக் கழட்டுனேன். பவர் சப்ளைய மாத்துனேன். ஒவ்வொரு தடவையும் ஷட் டவுன் குடுத்துட்டு, கீபோர்ட் ட்ரேய மேசைக்குள்ள தள்ளிட்டு நிமிந்தா, திரும்ப ஓடிக்கிட்டிருக்கு. கோவங்கூட வரல. இப்பல்லாம் எதுக்கும் வர்றதில்ல.

அப்பத்தான் அடுப்புல பால் பொங்கிக் கருகுற வாடை. ட்ரேயத் தள்ளாம அப்படியே விட்டுட்டு ஓடுனேன். வந்து பாத்தா கம்ப்யூட்டர் அணைஞ்சே இருந்துச்சு. ட்ரேய உள்ள தள்ளுனேன். மேல இருந்த மௌசு லேசா அசஞ்சுது. கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிச்சிருச்சு.

அங்கனயே தரையில உக்காந்துட்டேன். அது நான் செஞ்சு வெச்ச ஏற்பாடு.

அப்ப உனக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு வளையல் குலுங்கக் குலுங்க டைப் அடிப்ப. மேசைக்கு அடியில இருக்குற சுவிட்ச அமுக்க உன்னால குனிய முடியல. "உங்க புள்ள விட மாட்டேங்குது. டெக்னிக்கல் மாப்பிள்ளன்னு எங்கப்பா பெருமையாக் குடுத்தாரு, இதுக்கு ஒரு வழி பண்ணத் தெரியல"ன்ன. மௌச அசைச்சாலே ஆன் ஆகுற மாதிரி அன்னைக்கே செட்டிங்க மாத்திக் குடுத்தேன்.

அதுக்கப்புறம் நீ அணைக்கிறப்பல்லாம் மௌச மல்லாக்கத் திருப்பி வெச்சிட்டுத்தான் ட்ரேயத் தள்ளுவ. "ஏன் புள்ள எலிய மல்லாக்கப் போடுற?"ன்னு கேட்டேன். "என்னையத்தான் மல்லாக்கப் படுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அதாச்சும் படுக்கட்டும்"ன்ன. சிரிச்சிட்டுப் போயிட்டேன். மல்லாக்கப் போட்டா உள்ள இருக்குற உருண்டை உருளாது, கம்ப்யூட்டரும் முழிக்காது. அது தெரிஞ்சு செஞ்சியா, வெளையாட்டுக்குச் செஞ்சியா? கேக்க இப்ப ஆளு இல்ல. எட்டாம் மாசம் பிரசர் ஏறுச்சு. நீயும் போயிட்ட, புள்ளையும் போயிருச்சு.

அந்த செட்டிங்க எடுத்துவிட ரெண்டு கீ அமுக்குனாப் போதும். ஸ்கிரீன்ல அந்த வரியவே பாத்துக்கிட்டு செத்த நேரம் இருந்தேன். உன் தங்கச்சிக்குத் தையில கல்யாணம் பேசிருக்காங்க. அவளுக்கும் குனிய முடியாத மாசம் வரும். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

போன் போட்டேன். "சரியாயிருச்சா மாமா?"ன்னா.

"கோளாறு ஒண்ணுமில்ல, எதையும் அழிக்க வேணாம். அணைச்சதும் மௌச மல்லாக்கப் போட்டுட்டு ட்ரேயத் தள்ளு."

"அக்கா போடுவாளே, அப்படியா?"ன்னா.

"அப்படித்தான்."

மத்தியானத்துக்கு மேல ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் கெளம்புறப்ப பக்கத்து சீட்டுக்காரர், "என்னப்பா, எலி செத்துக் கெடக்கு?"ன்னு சிரிச்சாரு. திரும்பிப் பாத்தேன். என் மௌசு மல்லாந்து கெடந்துச்சு. எப்பத் திருப்பி வெச்சேன்னு தெரியல. நீ சொன்ன பதிலு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.